இருபது லாரித் தண்ணீரும் ஒரு ராஜ்யமும்: ஹத்தீன் போர், 1187

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஜூலை மாத வெயிலில், இரும்புக் கவசம் போட்ட ஆளைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நடக்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 35 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 4,000 குதிரைகள் என்று வைத்துக்கொண்டால் 1,40,000 லிட்டர். கூடவே 20,000 ஆட்கள், ஆளுக்கு 5 லிட்டர், அது ஒரு லட்சம். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் பார்த்தால், ஒரு நாளைக்கு 20 லாரி. குதிரை எண்ணிக்கை நானாக வைத்துக்கொண்டது, ஆள் எண்ணிக்கை வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. எப்படிப் போட்டாலும் விடை பெரியதாகத்தான் வரும்.

இந்த அளவு தண்ணீர் வழியில் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒரு மன்னர் தன் மொத்தப் படையையும் வறண்ட மேட்டு நிலத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். மறுநாள் மதியத்துக்குப் பிறகு அவரிடம் படை இல்லை, மூன்று மாதத்தில் தலைநகரமும் இல்லை. 1187 ஜூலை 3, 4 தேதிகளில் நடந்த ஹத்தீன் போர் இதுதான். சிலுவைப் போர்கள் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த 200 வருடக் கதையின் எல்லாச் சிக்கலும் இந்த இரண்டு நாளில் வந்துவிடுகிறது.

சரி, பின்னணி. 1095இல் போப் இரண்டாம் அர்பன் பிரான்சில் விடுத்த அழைப்பைக் கேட்டு மேற்கு ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய படைகள் 1099இல் ஜெருசலேமைப் பிடித்து, உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் பெரும் எண்ணிக்கையில் கொன்று, அங்கே ஒரு கிறிஸ்தவ ராஜ்யத்தை அமைத்தன. ஜெருசலேம், அந்தியோக்கியா, திரிப்போலி, எடெஸா என்று மொத்தம் நான்கு குட்டி நாடுகள். எடெஸா 1144லேயே கைமாறிவிட்டது. மற்றவை மத்தியதரைக் கடற்கரையை ஒட்டி ஒரு நாடா மாதிரி நீண்டு கிடந்தன. இங்கே குடியேறியவர்கள் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று எங்கிருந்து வந்திருந்தாலும் அரபு மக்களுக்கு அவர்கள் எல்லோரும் 'ஃபிரஞ்ஜ்', அதாவது பிராங்க் இனத்தார். அந்தச் சொல்தான் பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி, பிறகு நம் ஊர்வரை வந்து 'பரங்கி' ஆனது. சாம்பாரில் போடும் பரங்கிக்காய்க்கும் சிலுவைப் போருக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

இந்தப் பரங்கி ராஜ்யத்தின் அடிப்படைப் பிரச்சினை ஆள் பற்றாக்குறை. கோட்டைகள் நிறைய இருந்தன, காவலுக்கு ஆள் போதவில்லை. பெரிய எதிரி வந்தால் கோட்டைகளைக் காலி செய்து எல்லோரையும் ஒரே படையாகத் திரட்ட வேண்டும். அந்தப் படை திரும்பி வந்தால் கோட்டைகளுக்கு மறுபடி காவல் இருக்கும், திரும்பி வரவில்லை என்றால் நாட்டில் எதிர்த்து நிற்க ஆளே இருக்காது. அதனால் புத்திசாலிப் பரங்கித் தளபதிகள் பெரும்பாலும் சண்டையே போட மாட்டார்கள். தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துப் படையை நிறுத்துவார்கள், எதிரி சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கக் கோழைத்தனம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதிர்ப்பக்கம் சலாவுதீன். தமிழில் ஸலாஹுத்தீன் அய்யூபி என்றும் எழுதுவார்கள். அரபு இல்லை, குர்து இனத்தவர். இன்றைய இராக்கில் உள்ள திக்ரித்தில் பிறந்தவர். சித்தப்பாவோடு எகிப்துக்குப் போன இடத்தில் 1169இல் அங்கே அமைச்சராகி, 1171இல் பாத்திமிய கலீஃபாக்களின் ஆட்சியையே முடித்துவைத்து, 1174இல் டமாஸ்கஸையும் 1183இல் அலெப்போவையும் பிடித்தவர். கவனியுங்கள், இந்தப் பட்டியலில் உள்ள ஊர்கள் எல்லாமே முஸ்லிம்கள் ஆண்ட ஊர்கள். அந்த வருடங்களில் அவர் பரங்கிகளோடு போட்ட சண்டையைவிட சக முஸ்லிம் ஆட்சியாளர்களோடு போட்ட சண்டைதான் அதிகம். போட்டதிலும் 1177இல் மோன்ட்கிசார் என்ற இடத்தில், தொழுநோயாளியான 16 வயது ஜெருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வினிடம் செமத்தியாக அடிவாங்கித் தப்பித்தார். "இஸ்லாமுக்காகப் போராடுகிறேன் என்கிறாய், ஆனால் எங்கள் ஊரைத்தானே பிடிக்கிறாய்" என்ற முணுமுணுப்பு அவரைச் சுற்றி இருந்துகொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு பெரிய வெற்றி தேவைப்பட்டது.

இப்போது பரங்கிகளின் குடும்பச் சண்டைக்கு வருவோம், இது இல்லாமல் ஹத்தீன் புரியாது. பால்ட்வின் 1185இல் இறந்தார். அடுத்து முடிசூடியிருந்த அவருடைய அக்கா மகன் சிறுபிள்ளை, 1186இல் அவனும் போய்விட்டான். அந்த அக்கா சிபில்லா அரசியாகி, தன் கணவரின் தலையில் கிரீடத்தை வைத்தார். கணவர் பெயர் கீ, பிரான்சின் லூசின்யான் ஊர்க்காரர், அங்கே பலருக்கும் பிடிக்காத வந்தேறி. அரியணைக்குத் தகுதி தனக்குத்தான் என்று நினைத்திருந்த திரிப்போலியின் ரேமண்டுக்கு எரிச்சல். எவ்வளவு எரிச்சல் என்றால், மன்னர் தன்மேல் படையெடுத்தால் என்ன செய்வது என்று யோசித்து சலாவுதீனோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கிறிஸ்தவப் பிரபு, கிறிஸ்தவ மன்னரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முஸ்லிம் சுல்தானிடம் போகிறார். 'இரு மதங்களின் போர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னும் இரண்டு பேர். ஒருவர் ரெய்னால்ட், யோர்தானுக்குக் கிழக்கே கெராக் கோட்டையின் தலைவர். (ரேமண்ட் வேறு, ரெய்னால்ட் வேறு. எனக்கும் முதலில் குழம்பியது.) செங்கடலில் கப்பல் விட்டு மக்காவுக்குப் போகும் வழியில் கொள்ளையடிக்க ஆள் அனுப்பிய மனிதர் இவர். இரு தரப்புக்கும் சமாதான ஒப்பந்தம் அமலில் இருந்தபோதே கெய்ரோவிலிருந்து டமாஸ்கஸ் போன ஒரு பெரிய வணிகக் கூட்டத்தை மறித்துப் பிடித்தார். சலாவுதீனின் சகோதரி அதில் இருந்தார் என்பது பின்னாளில் ஒட்டவைத்த கதை, அது இல்லாமலே விஷயம் பெரியதுதான். பிடித்ததைத் திருப்பிக் கொடு என்று மன்னர் கீ சொல்லியும், "உன் நிலத்துக்கு நீ ராஜா, என் நிலத்துக்கு நான்" என்ற ரீதியில் ரெய்னால்ட் பதில் சொல்லிவிட்டார். சலாவுதீனுக்குத் தேவையான காரணம் கிடைத்துவிட்டது. ரெய்னால்டைத் தன் கையாலேயே கொல்வேன் என்று சத்தியமும் செய்தார்.

மற்றவர் ஜெரார், டெம்ப்ளர்கள் என்ற துறவிப் படையின் தலைவர். பாதி சாமியார், பாதி போர்வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் கிடையாது, சொத்து கிடையாது, வாள் உண்டு. இவருக்கு ரேமண்டைக் கண்டால் ஆகாது. இவருக்குக் கட்டிவைப்பதாகச் சொன்ன ஒரு பணக்காரப் பெண்ணை, பீசா நகர வியாபாரி ஒருவர் எடைக்கு எடை பொன் கொடுக்கிறேன் என்றதும் ரேமண்ட் அவருக்கே கட்டிவைத்துவிட்டாராம், ஜெரார் சாமியாராகப் போனதே அதற்குப் பிறகுதானாம். எடைக்கு எடை பொன்னை நான் அப்படியே நம்பவில்லை, பகை மட்டும் நிஜம். 1187 மே 1ஆம் தேதி நாசரேத் பக்கத்தில் கிரெஸ்ஸான் என்ற ஊற்றருகே, ரேமண்டின் அனுமதியோடு அவர் நிலத்துக்குள் வந்த சலாவுதீனின் படைப்பிரிவைச் சொற்ப ஆட்களோடு ஜெரார் தாக்கினார். கூட வந்த டெம்ப்ளர்களில் அநேகமாக எல்லோரும் செத்தார்கள், இவர் மட்டும் ஓரிருவரோடு தப்பி வந்தார். பழி ரேமண்டின் தலையில் விழுந்தது. வெட்கப்பட்டுப்போன ரேமண்ட் சலாவுதீனோடு போட்ட ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மன்னரிடம் வந்து மண்டியிட்டார். வெளியே சமாதானம், உள்ளே யாரும் யாரையும் நம்பவில்லை.

ஜூன் கடைசியில் சலாவுதீன் யோர்தான் நதியைக் கடந்தார். அவரிடம் சுமார் 30,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பரங்கிகள் கோட்டைகளைக் காலி செய்து, கவசக் குதிரை வீரர்கள் 1,200 பேர் உட்பட ஏறக்குறைய 20,000 பேரைத் திரட்டி, சஃபூரியா என்ற ஊரில் நிறுத்தினார்கள். அருமையான இடம். வற்றாத ஊற்று, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தால் சலாவுதீனால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கும் அது தெரியும். அதனால் ஜூலை 2 அன்று, சஃபூரியாவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி, கலிலேயாக் கடல் என்று பைபிளில் வருகிற அந்த ஏரிக்கரையில் உள்ள திபேரியா ஊரைத் தாக்கினார். ஊர் உடனே விழுந்தது. உள்கோட்டையில் மாட்டிக்கொண்டு உதவி கேட்டு ஆள் அனுப்பியவர் எஷிவா, ரேமண்டின் மனைவி.

தூண்டிலில் எவ்வளவு பொருத்தமான புழு பாருங்கள். அன்று இரவு ஆலோசனைக் கூட்டம். போகவே கூடாது என்று வாதாடியவர் யார் தெரியுமா? ரேமண்டேதான். திபேரியா என் ஊர், உள்ளே இருப்பவள் என் மனைவி, போனால் போகட்டும், மீட்டுக்கொள்ளலாம், ஆனால் இந்தப் படை போனால் நாடே போய்விடும், வழியில் தண்ணீர் கிடையாது என்றார். மன்னர் ஒப்புக்கொண்டார், எல்லோரும் தூங்கப் போனார்கள். நள்ளிரவில் ஜெரார் தனியாக மன்னரின் கூடாரத்துக்குப் போய், அந்தத் துரோகி பேச்சையா கேட்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். விடியும் முன்பே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

கீ முட்டாள், அதனால் தோற்றார் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. 1183இல், தொழுநோய் முற்றியிருந்த பால்ட்வினுக்குப் பதிலாக இதே கீ ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டபோது சலாவுதீன் இதே மாதிரி வந்தார். கீ தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சண்டைக்குப் போகவில்லை, சலாவுதீன் திரும்பிப் போனார். முன்னே சொன்ன அதே உபாயம், அதே வெற்றி. ஆனால் கோழை என்று பெயர் வாங்கி, பதவியையே இழந்தார். சரியானதைச் செய்து ஒருமுறை சூடுபட்டவரிடம் நாலு வருடம் கழித்து, அதுவும் ராஜாவான முதல் வருடத்தில், மறுபடி சும்மா இருங்கள் என்றால் எப்படி இருப்பார்? போதாததற்கு ஜெரார் தன்னிடம் காப்பில் இருந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் பணத்தை அவரைக் கேட்காமலே எடுத்துக் கூலிப்படை சேர்த்திருந்தார். அவ்வளவு செலவு செய்துவிட்டுச் சண்டையே போடவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. பரங்கிப்படை நடந்த விதத்தைப் புரிந்துகொண்டால் தோற்ற விதமும் புரியும். அவர்களின் ஒரே பெரிய ஆயுதம் கவசக் குதிரை வீரர்களின் பாய்ச்சல். நெருக்கமாகச் சேர்ந்து ஈட்டியை நீட்டிக்கொண்டு மொத்தமாகப் பாய்ந்தால் எதிரே நிற்க முடியாது. ஆனால் அதை ஒருமுறைதான் செய்ய முடியும், கலைந்துவிட்டால் திரும்பச் சேருவது கஷ்டம். மேலும் குதிரை செத்தால் வீரன் வெறும் ஆள். அதனால் காலாட்கள் கேடயமும் வில்லும் வைத்துக்கொண்டு குதிரைகளைச் சுற்றி நடமாடும் மதில் மாதிரி நடப்பார்கள். சலாவுதீனின் பக்கம் வேகமான குதிரைகளில் வில்லாளிகள், கிட்டே வந்து எய்துவிட்டு ஓடிவிடுவார்கள், துரத்தினால் சிக்க மாட்டார்கள், துரத்தியவன்தான் தனியாக மாட்டுவான். மதில் உடையாதவரை பரங்கிப்படைக்கு ஆபத்தில்லை. மதிலாக நடப்பவர்களோ தண்ணீர் குடிக்க வேண்டிய மனிதர்கள்.

ரேமண்ட் முன்னணியில், மன்னர் நடுவில், இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று அவர்கள் நம்பிய புனிதச் சின்னத்தோடு. பாலியன் என்ற பிரபுவும் டெம்ப்ளர்களும் பின்னணியில். வழியில் தூரான் என்ற இடத்தில் ஓர் ஊற்று இருந்தது. அதைத் தாண்டிப் போனார்கள், அதுதான் கடைசி வாய்ப்பு. அவர்கள் தாண்டியதும் சலாவுதீனின் படைச் சிறகுகள் இரண்டும் சுற்றிவந்து பின்னால் அந்த ஊற்றை அடைத்துக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. பின்னணிப் படை அம்பு மழையில் நகர முடியாமல் நின்றுவிட, மொத்தப் படையும் மஸ்கானா என்ற வறண்ட மேட்டில் இரவு தங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்தப் பக்கம் ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டே இருந்தன. சலாவுதீனின் செயலாளர் இமாதுத்தீன் கூடவே இருந்து எழுதிவைத்த கணக்குப்படி, அன்று இரவு 400 சுமை அம்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன, தீர்ந்தால் எடுத்துக்கொள்ள 70 ஒட்டகங்களில் இன்னும் அம்புகளை ஏற்றிக் களத்துக்குள்ளேயே நிறுத்தினார்கள். போரில் வாள்வீச்சைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு இந்த ஒட்டகங்கள்தான் இந்தப் போரின் நாயகர்களாகத் தெரிகின்றன.

சனிக்கிழமை காலை சலாவுதீன் அவசரப்படவில்லை, வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தார். காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள், காற்று புகையைப் பரங்கிகளின் முகத்துக்குக் கொண்டுபோனது. தொண்டை காய்ந்தவனுக்குப் புகை வேறு. ஹத்தீன் என்பது அணைந்துபோன ஓர் எரிமலை, இரண்டு பக்கமும் இரண்டு மேடுகள் இருப்பதால் ஹத்தீன் கொம்புகள் என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் கீழே ஐந்நூறு மீட்டர் பள்ளத்தில் ஏரி பளபளவென்று தெரியும். தாகத்தில் இருப்பவனுக்கு இதைவிடக் கொடுமை இல்லை. காலாட்கள் வரிசையை விட்டுவிட்டு அந்தக் கொம்புகளில் ஒன்றின் மேல் ஏறிவிட்டார்கள். இறங்கி வாருங்கள் என்று மன்னர் கெஞ்சினார், பாதிரியார்கள் கெஞ்சினார்கள். தாகத்தில் சாகிறோம், எங்களால் சண்டை போட முடியாது என்றார்கள். மதில் உடைந்தது. அதற்குப் பிறகு குதிரைகளை ஒவ்வொன்றாக அம்பால் வீழ்த்துவது எளிது.

ரேமண்ட் தன் ஆட்களோடு முன்னால் பாய்ந்தார். எதிரே இருந்த சலாவுதீனின் அண்ணன் மகன் தகீயுத்தீன் மோதவில்லை, வரிசையைத் திறந்து வழிவிட்டு, அவர்கள் போனதும் மூடிக்கொண்டார். ரேமண்ட் திரும்பி வர முடியாமல் அப்படியே போய்விட்டார், துரோகி என்ற பெயர் நிலைத்தது, அந்த வருடமே நோயில் இறந்தும் போனார். பாலியனும் தப்பினார்.

மிச்சமிருந்த குதிரை வீரர்கள் மன்னரின் சிவப்புக் கூடாரத்தைக் கொம்பின் மேல் அடித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு முறை சலாவுதீனை நோக்கியே பாய்ந்து வந்தார்கள். பதின்ம வயதில் அன்று அப்பா பக்கத்தில் நின்ற மகன் அல் அஃப்தல் இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பரங்கிகள் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் "ஜெயித்துவிட்டோம்" என்று இவர் கத்த, "சும்மா இரு, அந்தக் கூடாரம் விழும்வரை ஜெயிக்கவில்லை" என்றாராம் அப்பா. சொல்லி வாய் மூடுவதற்குள் கூடாரம் விழுந்தது. சலாவுதீன் குதிரையிலிருந்து இறங்கித் தரையில் நெற்றி பதித்து அழுதார். மேலே போய்ப் பார்த்தபோது மன்னரும் பிரபுக்களும் எழுந்திருக்கக்கூட முடியாமல் தரையில் கிடந்தார்களாம். புனிதச் சிலுவையும் பிடிபட்டது.

பிடிபட்ட மன்னருக்குச் சலாவுதீன் பனி போட்டுக் குளிர்வித்த பானம் கொடுத்தார். கீ குடித்துவிட்டு மிச்சத்தை ரெய்னால்டிடம் நீட்டினார். இவனுக்கு நான் கொடுக்கவில்லை, என் அனுமதியோடு இவன் குடிக்கவில்லை என்றார் சலாவுதீன். கைதிக்குத் தன் கையால் உணவோ நீரோ கொடுத்துவிட்டால் அவன் உயிருக்குப் பாதுகாப்பு என்பது அங்கத்திய வழக்கம், அதனால்தான் அந்தத் திருத்தம். பிறகு சத்தியத்தை நிறைவேற்றினார். நடுங்கிப்போன கீயிடம், அரசர்களை அரசர்கள் கொல்வதில்லை, இவன் எல்லை மீறிவிட்டான் என்றாராம்.

சலாவுதீனின் பெருந்தன்மை பற்றி நிறையப் படித்திருப்பீர்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் இரண்டு நாள் கழித்து, பிடிபட்ட டெம்ப்ளர்களையும் ஹாஸ்பிட்டலர்கள் என்ற இன்னொரு துறவிப் படையினரையும் தலைக்கு 50 தினார் விலை கொடுத்து வாங்கி, ஏறக்குறைய 200 பேரைக் கொல்ல வைத்தவரும் அவரே. காலாட்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். டமாஸ்கஸில் விலை 3 தினாருக்கு இறங்கியது, ஒரு கைதியை ஒரு ஜோடிச் செருப்புக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்தது போர் இல்லை, வசூல். கோட்டைகள் காலி என்று சொன்னேன் அல்லவா? ஒரு வாரத்துக்குள் ஆக்கர் துறைமுகம் சரணடைந்தது, ஊர் ஊராக விழுந்தது. அக்டோபர் 2 அன்று ஜெருசலேம். பாலியன் பேசி முடித்த ஒப்பந்தப்படி ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் கட்டியவர்கள் வெளியேறலாம். கட்ட முடியாதவர்களில் பலரைச் சும்மாவே விட்டார்கள், ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். 1099ஐப் போன்ற படுகொலை நடக்கவில்லை. டயர் துறைமுகம் மட்டும் விழவில்லை, மோன்ட்ஃபெராவின் கொன்ராட் என்ற புதிய ஆள் சரியான நேரத்தில் கப்பலில் வந்திறங்கிக் காப்பாற்றிவிட்டார். சலாவுதீன் செய்த பெரிய தவறு அதை விட்டுவைத்ததுதான். ஐரோப்பாவிலிருந்து மூன்றாவது சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்களுக்குக் கால் வைக்க ஓர் இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் இதற்காகப் போட்ட வரிக்குப் பெயரே சலாவுதீன் வரி. ரிச்சர்ட் மன்னர் வந்தார், 1191இல் ஆக்கரை மீட்டார்கள், ஜெருசலேமை மீட்க முடியவில்லை. 1192இல் சமாதானம், மறு வருடம் சலாவுதீன் காலமானார்.

கீ என்ன ஆனார்? 1188இல் விடுதலையாகி வந்தார். மனைவி இறந்ததும் கிரீடத்தின்மேல் இருந்த உரிமையும் ஆட்டம் கண்டது. கடைசியில் ரிச்சர்ட் பிடித்து வைத்திருந்த சைப்ரஸ் தீவு அவர் கைக்கு வந்தது. இரண்டு வருடத்தில் இறந்துவிட்டார், ஆனால் அவர் அண்ணன் வழி வந்தவர்கள் அந்தத் தீவை ஏறக்குறைய 300 வருடம் ஆண்டார்கள்.